கூப்பன் அரிசிப் புராணம்

இலங்கையின் வரலாறு படிக்க வெளிக்கிடுபவர்கள் மகாவம்சத்தில் தொடங்குவது வழக்கம். வீண் அலைச்சல். இருபதாம் நூற்றாண்டு இலங்கைக்கு ஒரு கூப்பன் புத்தகம் போதும். தலைக்கு எத்தனை கொத்து அரிசி, கொத்து எத்தனை சதம் என்று சொல்லுங்கள். அந்த வருஷம் யார் பிரதமர், அடுத்த தேர்தலில் யார் பிரதமராக இருக்கமாட்டார், எந்த நிதியமைச்சர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

கந்தபுராணத்தில் சூரபத்மனை வீழ்த்த வேல் வேண்டியிருந்தது. இந்தப் புராணத்தில் அரசாங்கங்களை வீழ்த்தத் தகரப் பேணி போதுமாயிருந்தது. அந்தப் பேணிக்குக் கொத்து என்று பெயர்; இரண்டு றாத்தல் அரிசி பிடிக்கும். அதைக் குறைக்க நினைத்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் போட்ட கணக்கும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதனால்தான் தோற்றார்கள்.

உற்பத்திப் படலம்

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். இலங்கை தின்றுகொண்டிருந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் இருக்கிறதைப் பங்கிட்டுக் கொடுக்கக் கூப்பன் புத்தகம் அடித்தது. போர்க்காலத்துத் தற்காலிக ஏற்பாடு. 1945இல் ஜப்பான் சரணடைந்தது. கூப்பன் சரணடையவில்லை.

காரணம் இருந்தது. 1931இலேயே ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்துவிட்ட தீவு அது. பிரித்தானியாவில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்று வருஷம்தான். வாக்கும் வயிறும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால், கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எந்த அரசியல்வாதிக்கும் ஆகாத காரியம். அதனால் கொடுத்தார்கள். 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ.கன்னங்கரா பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி கொண்டுவந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். அரிசி மானிய விலையில். அன்றைய ஆசியாவில் இப்படிச் சீராட்டப்பட்ட வாக்காளனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

சரி, காசு? இங்கேதான் இந்தப் புராணத்தின் முதல் அற்புதம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, றப்பர், தென்னை. அவற்றின்மேல் ஏற்றுமதித் தீர்வை போட்டார்கள். லண்டன்காரன் தேத்தண்ணி குடிக்கக் குடிக்கத் திறைசேரி நிறைந்தது. தீர்வை தோட்டக் கம்பனியின் கணக்கில் விழும். கம்பனி அதை எங்கே மிச்சம் பிடிக்கும் என்று கொழுந்து பறிக்கிற பெண்ணின் நாட்கூலியைப் பார்த்தால் தெரியும். அந்தப் பெண் மலையகத் தமிழச்சி. சுதந்திரம் வந்த அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவளையும் அவளைப்போன்ற பல லட்சம் பேரையும் நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வாக்கும் போயிற்று.

கணக்கின் அழகைப் பாருங்கள். வாக்குள்ளவருக்கு மலிவு அரிசி. அந்த அரிசிக்கு அந்நியச் செலாவணி உழைக்கிறவளுக்கு வாக்கில்லை. வரி கட்டுகிறவர் தேர்தல் நாளன்று வரிசையில் நிற்கவே மாட்டார். கேம்பிரிஜ்ஜிலும் ஹார்வர்டிலும் இவ்வளவு வலிக்காத வரியை யாரும் கண்டுபிடித்ததில்லை. தனக்கு வலிக்காத வரியென்றால் மனிதனுக்கு அது வரியாகவே தெரியாது, வானத்திலிருந்து விழுந்த வரமாகத் தெரியும். வரத்தை யார் குறைக்கவிடுவார்?

சங்கக்கடைப் படலம்

யாழ்ப்பாணத்தில் ஏதாவதொரு ஊர்ச் சங்கக்கடைக்குள் அறுபதுகளில் எட்டிப் பார்ப்போம். மேசைக்குப் பின்னால் மனேச்சர், காதில் பென்சில். கூப்பன் புத்தகத்தை வாங்கி அந்தக் கிழமைக்குரிய துண்டை வெட்டிப் பெட்டியில் போடுவார். அளக்கிற பெடியன் கொத்துப் பேணியைச் சாக்குக்குள் விட்டெடுத்துத் தடியால் தலையைத் தட்டி வழிப்பான். தடி சற்று அழுந்தினால் உங்களுக்கு நட்டம். மெல்ல ஓடினால் அவன் உங்கள் சொந்தக்காரன்.

"தம்பி, போன கிழமை அரிசிக்குள்ள கல்லுக் கிடந்தது. இந்தக் கிழமை கல்லுக்குள்ள அரிசி கிடக்கு."

"நான் என்ன ஆச்சி செய்யிறது? கொழும்பிலயிருந்து வாறதைத்தானே அளக்கிறன்."

"மணக்குது மோனை."

"இருபத்தைஞ்சு சதத்துக்கு மொட்டைக்கறுப்பனே கேக்கிறியள்?"

ஆச்சி அதற்குப் பதில் சொல்லமாட்டா. பையைக் கட்டிக்கொண்டு போவா. வீட்டில் சொந்த வயல் மொட்டைக்கறுப்பன் இருந்தால் கூப்பன் அரிசியில் ஒரு பங்கு கோழிக்குப் போகும், ஒரு பங்கு மாவாகும். அதற்காகக் கூப்பனை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்! அரிசி வேறு, உரிமை வேறு. கொழும்புக் கறுவாத்தோட்டத்தில் மாளிகை வைத்திருந்த அப்புக்காத்துக்கும் அதே கொத்து, அதே இருபத்தைந்து சதம். அவர் வீட்டு நாய் என்ன தின்றது என்பதை வரலாறு எழுதிவைக்கவில்லை. ஊகிக்கத் தடையில்லை.

செத்தவர்கள் பலர் கூப்பன் புத்தகத்தில் சாகாமல் இருந்தார்கள் என்பதும் ஊரறிந்த பகிடி. மார்க்கண்டேயருக்குப் பதினாறு வயது நிலைத்ததுபோல இவர்களுக்குக் கிழமைக்கு இரண்டு கொத்து நிலைத்தது.

ஹர்த்தால் படலம்

கொரியாவில் போர் மூண்டதும் றப்பர் விலை மேலே பறந்தது. இலங்கைத் திறைசேரிக்குக் கலியாணக் களை. செலவும் அதற்கேற்ப. 1952இல் விலை விழுந்தது. அரிசி விலையோ ஏறியது. அந்த வருஷம் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து டி.எஸ்.சேனாநாயக்க இறந்துபோக, மகன் டட்லி பிரதமரானார். கொத்து இருபத்தைந்து சதம்தான் என்று சொல்லித் தேர்தலையும் வென்றார். கம்யூனிஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே காய்ச்சல் வரும் அவருடைய கட்சி, வேறு வழியில்லாமல் மாவோவின் சீனாவோடு றப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் போட்டது. மேடையில் மாவோவைத் திட்டுவார்கள். இறங்கி வீட்டுக்குப் போய் மாவோவின் அரிசியைத் தின்பார்கள்.

அப்போது நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜயவர்த்தன. கணக்கைப் பார்த்தார். அரிசி வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் திறைசேரி விழுந்துகொண்டிருந்தது. உலக வங்கிக்காரரும் மானியத்தைக் குறை என்றார்கள். 1953 ஜூலையில் வரவு செலவுத் திட்டம் வாசித்தார்: கொத்து 25 சதத்திலிருந்து 70 சதம். பள்ளிக்கூட இலவச மதிய உணவு நிறுத்தம். ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் உயர்வு. ஒரே மூச்சில் தாய், பிள்ளை, பயணி, காதல் கடிதம் எழுதுகிறவன் என்று ஒருவரையும் விடாமல் பகைத்த திட்டம் அது.

வரி என்றதும் பிசிராந்தையாரின் யானையை இழுக்காமல் தமிழில் கட்டுரை எழுத முடியாது. இழுத்தாயிற்று. டட்லியின் ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சின்னமே யானை. புலவர் எச்சரித்த யானை வயலுக்குள் புகுந்தது. இந்த யானை நேரே சோற்றுப் பானைக்குள் காலை வைத்தது.

1953 ஆகஸ்ட் 12. இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. நாடு நின்றுபோனது. தண்டவாளங்கள் கழன்றன, தந்திக் கம்பிகள் அறுந்தன. அவசரகாலச் சட்டம் போட்டார்கள். பொலிஸ் சுட்டதில் ஆட்கள் இறந்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிக்க வேண்டியது துறைமுகத்தில் நடந்தது. கொழும்பில் நங்கூரமிட்டிருந்த 'நியூபவுண்ட்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறி அமைச்சரவை கூட்டம் போட்டது. வெள்ளைக்காரனை அனுப்பிவைத்து ஐந்தரை வருஷம். அரிசி விலையை ஏற்றிய கையோடு அவனுடைய கப்பலிலேயே அடைக்கலம்.

வயிற்றுக் கோளாறோடு அவதிப்பட்டுக்கொண்டிருந்த டட்லி அக்டோபரில் பதவி விலகினார். நாட்டின் வயிற்றில் கைவைத்தவருக்கு வயிற்றிலேயே நோய் என்று ஊர்க் கிழவிகள் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். சேர் ஜோன் கொத்தலாவலை வந்து விலையை 55 சதத்துக்கு இறக்கினார். ஜே.ஆரை நிதியிலிருந்து எடுத்து விவசாயமும் உணவும் கொடுத்தார்கள். அரிசி விலையை ஏற்றியவரிடம், போய் அரிசியை விளைவித்துப் பாரும் என்று சொன்னதுபோல. 1956 தேர்தலில் யானைக் கட்சிக்கு மிஞ்சியது 8 ஆசனம். வென்றவர் ஹர்த்தாலில் அதிகாரபூர்வமாகக் கலந்துகொள்ளாத எஸ்.டபிள்யூ.ஆர்.டி.பண்டாரநாயக்க. பிறகு விலை இறங்கி இறங்கி, 1960இல் மறுபடி 25 சதத்தில் வந்து குந்தியது.

ஹர்த்தாலின் நாயகர்களில் ஒருவர் சமசமாஜக் கட்சியின் என்.எம்.பெரேரா. அவரையும் ஜே.ஆரையும் மறந்துவிடாதீர்கள். இருவரும் வேடம் மாற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள்.

கால்டோர் படலம்

அரிசிக்கு மானியம் கொடுக்கக் காசு வேண்டும். தேயிலையை இன்னும் எவ்வளவுதான் பிழிவது? பணக்காரரைப் பிழியலாம் என்ற யோசனை வந்தது. பிழியத் தெரிந்த ஆள் கேம்பிரிஜ்ஜில் இருந்தார்: நிக்கலஸ் கால்டோர், ஹங்கேரியில் பிறந்த பொருளியல் மேதை. 1956இல் இந்தியாவுக்குப் போய் யோசனை சொன்னார். அடுத்த வருஷமே நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி செலவு வரி கொண்டுவந்தார். 1958இல் கால்டோர் கொழும்பில் இறங்கினார். 1959இல் இலங்கையிலும் சொத்து வரி, நன்கொடை வரி, செலவு வரி மூன்றும் சட்டமாகின.

செலவு வரி என்றால், நீங்கள் உழைப்பதற்கு வரியில்லை, செலவழிப்பதற்கு வரி. கேட்க நல்ல நியாயம். ஊதாரி கட்டட்டும், சேமிப்பவன் தப்பட்டும், சேமிப்பு முதலீடாகட்டும். யாழ்ப்பாணத்து மனிதன் இதைவிட நல்ல வரியைக் கனவிலும் காணமாட்டான். பிறந்ததிலிருந்தே அவன் அதற்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் ஒருவர் என்ன செலவழித்தார் என்று அறிய, வருஷத் தொடக்கத்தில் வங்கியில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு, நடுவில் என்ன வாங்கினார், என்ன விற்றார், யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார் என்றெல்லாம் அறியவேண்டும். கலியாணவீட்டில் தாலிக்கொடி எத்தனை பவுண் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சரியாகச் சொல்லாத ஊரில் வரி அதிகாரி எதைக் கண்டுபிடிப்பார்? கட்டவேண்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களுக்குக் கணக்கெழுத நல்ல கணக்காளர்கள் இருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே இலங்கை அந்த வரியைக் கைவிட்டது. இந்தியா 1962இல் நீக்கி, 1964இல் திரும்பக் கொண்டுவந்து, 1966இல் முழுதாகத் தலைமுழுகியது.

கால்டோர் தளரவில்லை. 1961இல் கானாவுக்கு யோசனை சொன்னார். அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம். பிரித்தானிய கயானாவுக்குச் சொன்னார். 1962 பெப்ரவரியில் ஜோர்ஜ்டவுன் தீப்பிடித்து எரிந்தது. எரிந்ததற்கு இனமும் அரசியலும் கூடச் சேர்ந்த காரணங்கள். ஆனாலும் அவருடைய விமானச் சீட்டைப் பார்த்து எந்த நாட்டில் அடுத்து கலவரம் என்று சொல்லிவிடலாம் என்று கேலிபேச அது போதுமாயிருந்தது. அந்த வரிசையில் இலங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே சனம் வரிக்குக் கோபப்படுவதில்லை. எல்லாக் கோபத்தையும் அரிசிக்கென்று சேர்த்து வைத்திருந்தது.

அரைக்கொத்துப் படலம்

1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள். சதியை முறியடிப்பதில் முன்னின்றவர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், நிதியமைச்சர், பிரதமரின் உறவினர். சதிகாரரை உட்காரவைத்து அவரே விசாரித்தார். துப்பாக்கிக்கு அஞ்சாத சிங்கம்.

அதே சிங்கம் சில மாதம் கழித்து வரவு செலவுத் திட்டத்தில் தலைக்கு அரைக்கொத்து அரிசியைக் குறைக்கலாம் என்றது. எதிர்க்கட்சி கூடத் தேவைப்படவில்லை. சொந்தக் கட்சியின் பின்வரிசையே கொதித்தெழுந்தது. ஆகஸ்டில் பீலிக்ஸ் பதவி விலகினார். கவச வண்டியும் பீரங்கியும் கைக்குள் வைத்திருந்த அதிகாரிகளால் முடியாததை அரைப் பேணி அரிசி முடித்துவைத்தது.

1965இல் டட்லி திரும்பி வந்தார். பட்ட அனுபவம் பேசியது. 1966இல் உலகச் சந்தையில் அரிசித் தட்டுப்பாடு. அவர் விலையைத் தொடவில்லை. இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கினார். ஆனால் அந்த ஒரு கொத்து இலவசம்! திறைசேரிக்கு இறக்குமதி மிச்சம், சனத்துக்குச் சும்மா அரிசி. பாதியைப் பறித்துவிட்டு மீதியைப் பரிசாகக் கொடுக்கும் இந்த வித்தையைப் பொருளியல் நூல்களில் சேர்க்காதது அநியாயம். அத்தோடு நெல் விளைச்சலையும் உண்மையாகவே பெருக்கினார். ஒரு நல்ல பிரதமர் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தார்.

சனம் ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருந்தது: முந்தி இரண்டு கொத்து.

சந்திர படலம்

1969இல் அமெரிக்கர் சந்திரனில் கால்வைத்தார்கள். அங்கிருந்து கல்லும் மண்ணும்தான் கொண்டுவந்தார்கள். 1970 தேர்தல் மேடையில், பறித்த கொத்தைத் திருப்பித் தருவோம், சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்று சிறிமாவோ அம்மையார் சொன்னதாக நாடு இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. 151 ஆசனத்தில் 116 ஐக்கிய முன்னணிக்கு. டட்லியின் கட்சிக்கு 17. இரண்டாவது கொத்து வந்தது. இலவசமாக அல்ல, விலைக்கு. சந்திரனிலிருந்து ஏற்றுக்கூலி கூடத்தானே.

நிதியமைச்சர் யார் என்கிறீர்கள்? என்.எம்.பெரேராவேதான். லண்டனில் பெற்ற டொக்டர் பட்டம், ட்ரொட்ஸ்கியவாதி, ஹர்த்தால் நாயகன். பதுக்கிய பணத்தை வெளியே எடுக்க 50 ரூபா, 100 ரூபா நோட்டுகள் செல்லாது என்றார். 2016இல் இந்தியா செய்ததற்கு 46 வருஷம் முந்தி. வருமானத்துக்கு உச்சவரம்பு: வரி போக ஒருவர் கையில் மாதம் 2,000 ரூபாவுக்கு மேல் தங்கக்கூடாது. காணிக்கு உச்சவரம்பு 50 ஏக்கர், வயலென்றால் 25. வீட்டுக்கும் உச்சவரம்பு. உச்சவரம்பு போடாமல் விடப்பட்டது கியூவின் நீளத்துக்கு மட்டும்.

வரம்பு போட்டதும் டாக்டர்களும் பொறியியலாளர்களும் தங்கள் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். ஒரு பிள்ளையைப் பாலர் வகுப்பிலிருந்து வைத்தியராகும்வரை இலங்கை இலவசமாகப் படிப்பித்தது. அந்தப் பிள்ளை போய் பிரித்தானிய இலவச ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரக் கிழவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தது. கொழுந்து பறித்தவளின் கூலியில் படித்த டாக்டரை அந்தக் கொழுந்தைக் குடித்தவனுக்கே அனுப்பிவைத்த தேசம் உலகில் வேறு இருக்குமா தெரியாது.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. கோதுமையும் அரிசியும் சீனியும் கூடவே ஏறின. தேயிலை மட்டும் ஏறவில்லை. திறைசேரியில் டொலர் இல்லை. ஹர்த்தால் நாயகனின் ஆட்சியிலேயே கூப்பன் அரிசி குறைந்தது. விடியப்புறம் நாலு மணிக்குப் பாண் கியூ. ஒரு மாவட்டத்திலிருந்து மறு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோக வீதியில் தடை. கடத்தல்காரர் கஞ்சாவை விட்டு அரிசிக்கு மாறவேண்டிய காலம். மரவள்ளிக் கிழங்கு நடுங்கள் என்றது அரசு. சனம் நட்டது, அவித்தது, தின்றது. மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்று அம்மாமார் இஞ்சிப் பேணியை ஒளித்துவைத்தார்கள்.

அதே நேரம் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு அடித்தது யோகம். மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதிக்குத் தடை. கிணற்றடியில் தண்ணி இறைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இறைப்பு மிசின் வாங்கினார், கல்வீடு கட்டினார். கொழும்பில் சாபம் வாங்கிய அம்மையாருக்கு வெங்காயப் பாத்திகளில் வாழ்த்து. ஆனால் அதே அரசு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலையும் கொண்டுவந்திருந்தது. தகப்பனுக்கு வெங்காயத்தில் கொடுத்ததை மகனிடம் வெட்டுப்புள்ளியில் எடுத்தார்கள். அந்தக் கணக்கு எங்கே போய் முடிந்தது என்பது வேறு புராணம்.

இந்தப் படலத்தில் சிரிக்க முடியாத இடம் மலையகம். சொந்தமாக மரவள்ளி நடக் காணியில்லை, நிலத்தைவிட்டு ஓட இடமில்லை, கூப்பன் குறைந்தால் வேறு வழியுமில்லை. 1973, 74இல் தோட்டங்களில் சாவு கூடியது. முப்பது வருஷம் அரிசிக்குக் காசு உழைத்தவர்களுக்கு, அரிசி தட்டுப்பட்டபோது முதலில் தட்டுப்பட்டது.

முத்திரைப் படலம்

1977இல் ஜே.ஆர். வந்தார். 1953இல் அரிசியில் கைசுட்டுக்கொண்ட அதே ஜே.ஆர்., வயது எழுபது. 168 ஆசனத்தில் 140. இருபத்துநாலு வருஷம் காத்திருந்தவர் இந்த முறை அவசரப்படவில்லை. ஒரேயடியாக விலையை ஏற்றினால் கப்பல் தேடவேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும். 1978இல், மாதம் 300 ரூபாவுக்குள் வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் கூப்பன் என்றார். நியாயம்தானே, ஏழைக்குத்தானே வேண்டும் என்றது நாடு. சொல்லிவிட்டுப் பாதி நாடு ஒரே இரவில் ஏழையானது. விண்ணப்பப் படிவங்களை நம்பினால் அன்று இலங்கையில் கடை வைத்திருந்தவர், காணி வைத்திருந்தவர், லொறி வைத்திருந்தவர் எல்லாரும் 299 ரூபாவில் குடும்பம் நடத்தினார்கள்.

1979இல் அடுத்த காய். கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. கூப்பனில் எழுதியிருந்தது கொத்து; முத்திரையில் எழுதியிருந்தது ரூபா. கொத்து எந்தக் காலத்திலும் இரண்டு றாத்தல். ரூபா அப்படியல்ல. 1980இல் விலைவாசி 26 வீதம் ஏறியது. முத்திரைத் தொகை அசையவில்லை. மானியத்தை ஜே.ஆர். வெட்டவில்லை, வெயிலில் வைத்துவிட்டார், அது தானாகக் காய்ந்தது. தெருவில் ஒருவரும் இறங்கவில்லை. 1980 ஜூலையில் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்த அரசாங்க ஊழியர் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வேலையிழந்தார்கள். அந்த முறை அமைச்சரவை கப்பலேறவில்லை.

திறந்த பொருளாதாரத்தில் மிளகாயும் வெங்காயமும் மலிவாக வந்து இறங்க, யாழ்ப்பாணத்து இறைப்பு மிசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முத்திரைக்குப் பின்னாலே ஜனசவிய, சமுர்த்தி, அஸ்வெசும என்று திட்டங்கள் வந்தன. பெயர்கள் மேலும் மேலும் அழகாகின. பேணி திரும்பி வரவேயில்லை.

நூற்பயன்

புராணம் படித்தால் பயன் சொல்லி முடிக்கவேண்டும்.

அரிசி வீணாயிற்றா? இல்லை. 1946இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 முதல் வயதைத் தாண்டவில்லை. எழுபதுகளில் அது ஐம்பதளவுக்கு இறங்கியது. சராசரி ஆயுள் 43இலிருந்து 65ஐ எட்டியது. கொசுவுக்கு அடித்த டி.டி.டி.க்கும் பங்குண்டு, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பங்குண்டு. கோழிக்குப் போனதுபோக மிஞ்சிய கூப்பன் அரிசிக்கும் பங்குண்டு. அமர்த்தியா சென் போன்றவர்கள், ஏழை நாடும் தன் சனத்தை வாழவைக்கலாம் என்பதற்கு இலங்கையைத்தான் காட்டினார்கள். ஜோன் ராபின்சன் என்ற கேம்பிரிஜ் அம்மையாரோ 1959இலேயே, மரம் நடமுந்திப் பழம் தின்ற நாடு இது என்ற கருத்தில் ஒரு குத்து விட்டிருந்தார். இருவரும் சொன்னது சரி. பழம் தின்ற பிள்ளைகள் பிழைத்தார்கள். மரம் நடத்தான் ஆளில்லை.

வரியைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கும் இந்தத் தீவு ஒரு படலம் வைத்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக்கினார். வருமான வரி கட்டுவோர் பட்டியலிலிருந்து பெருங்கூட்டம் விடுவிக்கப்பட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். செலவு குறையவில்லை. அரசின் வரி வருமானம் நாட்டு உற்பத்தியில் 8 வீதத்தளவுக்கு விழுந்தது. பிறகு கொரோனா, பிறகு டொலர் பஞ்சம், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்ற அறிவிப்பு. ஜூலையில் ஜனாதிபதி ஓடினார். அரிசி விலையை ஏற்றிய டட்லிக்குத் துறைமுகத்துக் கப்பல் போதுமாயிருந்தது. வரியை இறக்கியவருக்கு விமானம் வேண்டியிருந்தது.

கொடுத்தவரும் விழுந்தார், குறைத்தவரும் விழுந்தார், வரி போட்டவரும் விழுந்தார், எடுத்தவரும் விழுந்தார். எல்லாரும் விற்றது ஒரே சரக்கு: சாப்பாடு உங்களுக்கு, பில் வேறு மேசைக்கு. வேறு மேசை இருக்கும்வரை கடை ஓடியது. பில்லை நம் மேசையில் கொண்டுவந்து வைத்தவரை நாம் அடித்துத் துரத்தினோம்.

ஆகவே இதைப் படித்தவரும் படிக்கக் கேட்டவரும் அடையும் பயனாவது: அடுத்த தேர்தல் மேடையில் யாராவது இலவசம் என்றால் தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டி முடித்து, யார் தலையில் என்று ஒருமுறை கேளுங்கள். பணக்காரர் தலையில் என்றால் கால்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டான் தலையில் என்றால் கொழுந்துக் கூடை யார் முதுகில் இருக்கிறது என்று பாருங்கள். நம் எல்லார் தலையிலும்தான் என்று ஒருவர் சொன்னால், அவர் வெல்லமாட்டார். ஆனாலும் அவருக்கே வாக்குப் போடுங்கள். ஒருவர் தலையிலும் இல்லை என்றால், வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போடுங்கள்.